உபுண்டு லேபுக்கு ஸ்குவிட் கேஷ் ப்ராக்ஸி: எங்கெல்லாம் மாட்டும்?

#1
லேபில் 40 மெஷினும் ஒரே அப்டேட்டை 40 தடவை இறக்குவதைத் தடுக்கத்தான் ஸ்குவிட்: ஒருமுறை இறங்கியதைச் சேமித்து (கேஷ்) வைத்து மற்ற மெஷின்களுக்குக் கொடுக்கும் இடைநிலை சர்வர் (ப்ராக்ஸி). நிறுவினால் மட்டும் போதாது. டிஸ்கில் கேஷ் வைக்கும் இடத்தைச் சொல்லும் கேஷ்_டிர் வரி, கான்ஃபிக் ஃபைலில் கமெண்டில்தான் (செயல்படாமல்) கிடக்கும். அதுவரை 256 எம்பி ரேம் மட்டுமே கேஷ், சர்வீஸை நிறுத்தினால் அதுவும் காலி. /ஈடிசி/ஸ்குவிட்/கான்ஃப்.டி-க்குள் தனி ஃபைல் போட்டு இதை எழுதுங்க:

மேக்சிமம்_ஆப்ஜெக்ட்_சைஸ் 1 ஜிபி
கேஷ்_டிர் யூஎஃப்எஸ் /வார்/ஸ்பூல்/ஸ்குவிட் 20000 16 256
ஹெச்டிடிபி_ஆக்சஸ் அலவ் லோக்கல்நெட்

20000 என்பது எம்பி கணக்கு. லோக்கல்நெட் என்பது உள் நெட்வொர்க் முகவரிகள். பிறகு 'ஸ்குவிட் -கே பார்ஸ்' ஓட்டிப் பிழை இல்லையென்று பார்த்து, சர்வீஸை நிறுத்தி, கேஷ் டைரக்டரிகளை உருவாக்க 'ஸ்குவிட் -இசட்' கொடுத்து, திரும்ப ஸ்டார்ட் பண்ணணும். நிற்க அரை நிமிஷம் ஆனால் பதற வேண்டாம், ஷட்டவுன்_லைஃப்டைம் இயல்பாகவே 30 விநாடி.

#2
முதல் இரண்டு வரிகளின் வரிசையை மாற்றாதீங்க. சைஸ் வரி கேஷ்_டிருக்குக் கீழே போனால் அந்த டைரக்டரிக்குப் பழைய வரம்பான 4 எம்பியே நிற்கும். இதில் எரிச்சல் என்னவென்றால், சின்ன பேக்கேஜ் எல்லாம் ஹிட் ஆகும் (கேஷிலிருந்தே வரும்), கேஷ் நன்றாக ஓடுவது போலவே தெரியும். சில நூறு எம்பி வரும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் மாதிரி பெரிய பேக்கேஜ் மட்டும் ஒவ்வொரு மெஷினுக்கும் வெளியிலிருந்தே இறங்கும். ஸ்குவிட்டின் ஆக்சஸ்.லாகில் ஒரே .டெப் (உபுண்டு பேக்கேஜ்) ஃபைலுக்கு முதல் மெஷினில் டிசிபி_மிஸ், இரண்டாவதில் டிசிபி_ஹிட் வரணும். டிசிபி_டினைட்/403 வந்தால் லோக்கல்நெட் வரியைப் பாருங்க.

#3
ரேம் கணக்கை யாரும் சொல்லலையே! கேஷ்_மெம் (#1-ல் சொன்ன 256 எம்பி) என்பது ஸ்குவிட் மொத்தமாக எடுக்கும் ரேமுக்கு வரம்பு இல்லை. 64 பிட்டில் டிஸ்க் கேஷ் ஒரு ஜிபிக்கு இன்டெக்ஸ் மட்டும் சுமார் 14 எம்பி தின்னும். 20 ஜிபிக்கு 280 எம்பி, அதோடு கேஷ்_மெம் 256. 1 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டி திணறும். டிஸ்க் அளவையும் முழுசாக எழுதாமல் 20 சதவீதம் விட்டுவிடணும்.

#4
அப்டேட் இறக்கும் ஒவ்வொரு மெஷினிலும் ஆப்ட் (உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவி) ஸ்குவிட் வழியாகப் போக, /ஈடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி-யில் ஹெச்டிடிபி ப்ராக்ஸி வரி, போர்ட் 3128. எல்லா மெஷினுக்கும் ஒரே மிரர் (பேக்கேஜ் தரும் சர்வர்) வையுங்க. யூஆர்எல் மாறினால் ஸ்குவிட்டுக்கு அது வேறு ஃபைல். கேஷில் இருப்பதை எவ்வளவு நேரம் புதியதாகக் கருதலாம் என்று சொல்லும் ரெஃப்ரெஷ்_பேட்டர்னில் .டெப்புக்கு 129600 (நிமிஷம், அதாவது 90 நாள்) தாராளமாகக் கொடுக்கலாம், ஒரு வெர்ஷனின் .டெப் பிறகு மாறப்போவதில்லை. அதையே ரிலீஸ், பேக்கேஜஸ் ஃபைல்களுக்கும் (அடிக்கடி மாறும் பேக்கேஜ் பட்டியல்) கொடுத்தால் பழையதும் புதியதும் கலந்து 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' என்று ஆப்ட் கத்தும்.

#5
யூடியூப் கேஷ் ஆகுமா என்று அடுத்து யாராவது கேட்பாங்க. ஆகாது. ஹெச்டிடிபிஎஸ் எல்லாம் கனெக்ட் டனலாக (மறைகுறியாக்கப்பட்டு நேராக) போகும், லாகில் டிசிபி_டனல் என்று விழும், உள்ளே என்ன போகிறதென்று ஸ்குவிட்டுக்குத் தெரியாது. மிரர் முகவரியை ஹெச்டிடிபிஎஸ்ஸாக மாற்றினால் ஆப்ட் கேஷுக்கும் அதே கதிதான்.

#6
ராக்கி லினக்ஸில் கேஷை வேறு டிஸ்குக்கு மாற்றுகிறவர்களுக்கு: ஓனர் 'ஸ்குவிட்' (உபுண்டுவில் 'ப்ராக்ஸி'). ஓனர் சரியாக இருந்தும் பர்மிஷன் டினைட் வந்தால் எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) ஃபைல்களுக்கு ஒட்டும் லேபிள்தான் காரணம். செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் மூலம் ஸ்குவிட்_கேஷ்_டி லேபிளைப் பதிந்து, ரெஸ்டோர்கான் -ஆர்வி ஓட்டினால் சரியாகும். இதற்குப்போய் எஸ்இலினக்ஸையே அணைக்காதீங்க.