அடியா மீட்டரா, செல்சியஸா ஃபாரன்ஹீட்டா: விமானத்தில் ஏன் இந்தக் கலவை?

மேகமூட்டம்:
இருக்கைக்கு எதிரே உள்ள திரையில் "உயரம் 36,000 அடி, வெளியே −56 டிகிரி செல்சியஸ்" என்று ஓடிக்கொண்டிருந்தது. உயரம் அடியில், வெப்பம் செல்சியஸில், தூரம் கடல் மைலில், எரிபொருள் கிலோவிலோ பவுண்டிலோ. போதாக்குறைக்கு அமெரிக்கர்கள் ஃபாரன்ஹீட்டை விடமாட்டேன் என்கிறார்கள். எல்லாவற்றையும் மீட்டர், செல்சியஸ் என்று மாற்றிவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்?

பாதரசம்:
ஃபாரன்ஹீட்டை இந்த வழக்கில் இழுக்காதீர்கள். விமானிகளுக்கான வானிலை அறிக்கையில் அமெரிக்காவிலேயே 1996 முதல் செல்சியஸ்தான். வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவருக்குத்தான் ஃபாரன்ஹீட். அதுவும் மட்டமான அளவு இல்லை. 0 என்றால் கடுங்குளிர், 100 என்றால் கடும் வெயில், நாம் புழங்கும் வெப்பமெல்லாம் அநேகமாக இடையில் அடங்கிவிடும்.

மேகமூட்டம்:
தண்ணீர் 32இல் உறையும், 212இல் கொதிக்கும் என்று மனப்பாடம் செய்ய வேண்டுமே! இறக்கையில் பனி ஒட்டுமா என்று பார்ப்பவருக்கு 0க்கு மேலா கீழா என்பதுதான் கேள்வி. சரி, அதை விடுங்கள். அடிக்கு என்ன நியாயம்?

ஓடுபாதை27:
இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கும் விமானங்களுக்கு இடையே 1,000 அடி விடுகிறார்கள். 35,000, 36,000 என்று சொன்னால் இடைவெளி காதிலேயே விழுகிறது. சீனாவில் மீட்டர் முறை: 9,800, 10,100, 10,400. உயரமானியை அடியில் வைத்திருக்கும் விமானி அட்டவணையைப் பார்த்து 10,100 மீட்டருக்கு 33,100 அடி என்று திருகுகிறார். இறங்கும் கணக்கும் அப்படித்தான்: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல், 30,000 அடி என்றால் 90 மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்கு. உங்கள் திரையில் வந்த −56கூட இந்தக் கலவைக் கணக்குக்கு ஒத்துவருகிறது. கடல் மட்டத்தில் 15 செல்சியஸ், ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும். போட்டுப் பாருங்கள்.

மேகமூட்டம்:
இதெல்லாம் பழக்கம், நியாயம் அல்ல. 1999இல் ஷாங்காயில் என்ன நடந்தது? ஒரு சரக்கு விமானத்துக்கு 1,500 மீட்டர் ஏறச் சொன்னார்கள். அந்த உயரத்தை நெருங்கியபோது, சொன்னது 1,500 அடி என்று துணை விமானி தவறாகச் சொல்ல, தலைமை விமானி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தார். விமானத்தில் மூவர், தரையில் ஐவர் போனார்கள். அடி என்ற ஒன்றே இல்லையென்றால் இந்தக் குழப்பம் வந்திருக்குமா?

ஓடுபாதை27:
மீட்டர் இல்லையென்றாலும் வந்திருக்காதே! மாற்றுகிற காலம்தான் ஆபத்து. 1983இல் ஏர் கனடாவின் போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. அந்த ரகம் அவர்களுக்குப் புதிது, கிலோவில் கணக்கு. அளவுமானி பழுது என்பதால் தொட்டியில் குச்சி வைத்துப் பார்த்தார்கள்: 7,682 லிட்டர். லிட்டருக்கு 1.77 என்று பெருக்கினார்கள். அது பவுண்டுக் கணக்கு, கிலோ என்றால் 0.8தான் வரும். குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டு, 22,300 கிலோ இருப்பதாக நம்பிக் கிளம்பியவர்களிடம் இருந்தது அதில் பாதிகூட இல்லை. கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் மிதந்து வந்து இறங்கியதால் 69 பேரும் பிழைத்தார்கள். உலகத்திலுள்ள எல்லா விமானங்களையும் மாற்றும்போது இப்படி எத்தனை கணக்குப் போட வேண்டியிருக்கும்?

பாதரசம்:
நீங்கள் இருவரும் உயரத்திலேயே நிற்கிறீர்கள். உயரமானியை எதை வைத்துத் திருத்துகிறார்கள்? காற்றழுத்தம். அமெரிக்கா, கனடா, ஜப்பானில் பாதரச அங்குலம், மற்ற இடங்களில் பெரும்பாலும் ஹெக்டோபாஸ்கல். கட்டுப்பாட்டாளர் "ஒன்பது ஒன்பது இரண்டு" என்கிறார், 992 ஹெக்டோபாஸ்கல் என்ற பொருளில். அங்குலத்தில் ஊறிய விமானி 29.92 என்று திருகிவிடுகிறார். அது 1013க்குச் சமம். 21 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம், ஏறக்குறைய 600 அடி. விமானம் அத்தனை தாழ்வாக இருக்கும், முள் மட்டும் சரியான உயரத்தைக் காட்டும். வெளியே மேகம் என்றால் என்ன ஆகும்?

மேகமூட்டம்:
ஐயா, இது நான் யோசிக்காதது. சரி, அடியை இப்போதைக்கு விட்டுக்கொடுக்கிறேன். அந்த அங்குலத்தை மட்டும் மூன்று நாடுகளும் விடட்டும்.

ஓடுபாதை27:
அதில் நானும் உங்கள் கட்சி. அழுத்தம் வைக்கும் கட்டத்தில் பெரும்பாலான விமானங்களில் இரண்டு அளவுக்கும் மாற்றி இருக்கிறது, செலவு குறைவுதான். ஆனால் பெயரைப் பார்த்தால் பாதரசம் ஒத்துக்கொள்ள மாட்டார் போலிருக்கிறது.