நாமே கட்டிய காருக்கு நாமே செய்த எல்இடி விளக்கு: பட்ட அனுபவங்கள்

சாலிடர்புகை:

சேசிஸ், ஃபைபர் பாடி எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் பின்விளக்கில் வந்து மாட்டிக்கொண்டேன். பாடியில் நான் விட்டிருந்த வட்டக் குழிக்குப் பொருந்துகிற விளக்கு எதுவும் கிடைக்கவில்லை. சரி, 5 மில்லிமீட்டர் எல்இடிகளை வாங்கி நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

கணக்கு சுலபமாகத்தான் தெரிந்தது. சிவப்பு எல்இடி ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர். ஐந்தைத் தொடராகக் கோத்தால் 10 வோல்ட். பேட்டரி 12. மிச்சம் 2 வோல்ட்டுக்கு, கரண்டைக் கட்டுப்படுத்த 100 ஓம் ரெசிஸ்டர். இப்படி ஆறு வரிசை. மேஜையில் வைத்து பேட்டரியில் தொட்டதும் அப்படி ஒரு வெளிச்சம். வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

வண்டியில் ஏற்றிய மூன்றாவது வாரம் ஒரு வரிசை அணைந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. அப்புறம்தான் இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கத் தோன்றியது: 14.4 வோல்ட்! ரெசிஸ்டர் மேல் விழுவது 2 இல்லை, 4.4. அதாவது 44 மில்லி ஆம்பியர். தொடரில் ஒன்று செத்தால் ஐந்தும் இருட்டு. முப்பதையும் பிடுங்கிவிட்டு இப்போது வரிசைக்கு நான்கு, 330 ஓம். இன்ஜின் ஓடும்போது 19 மில்லி ஆம்பியர் சொச்சம், நின்றால் 12. ஆறு மாதமாக ஒன்றும் போகவில்லை.

இண்டிகேட்டர்தான் இன்னும் படுத்துகிறது. பழைய ஃபிளாஷர் (இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் டப்பா), பல்பு இழுக்கும் கரண்டில் உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளைந்தால்தான் 'டக் டக்' என்று அடிக்கும். 21 வாட் பல்பு இரண்டுக்கு மூன்றரை ஆம்பியர் போகும். என் எல்இடிகள் கால் ஆம்பியர்கூட எடுப்பதில்லை. அது வாயே திறக்கவில்லை. எலெக்ட்ரானிக் ஃபிளாஷர் மாற்றினேன், அடித்தது. ஆனால் இடதுக்குப் போட்டால் நான்கு விளக்கும் சிமிட்டுகின்றன. இரண்டு ராத்திரி வயரைத் தடவியாகிவிட்டது, ஷார்ட் எங்கும் இல்லை. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பழையஸ்பானர்:

டேஷ்போர்டுல இண்டிகேட்டர் அடிக்குதுன்னு காட்ட ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பல்புதானே வெச்சிருக்கீங்க? அதான் ஆளு. அந்த பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவுல நிக்குது, அதுக்குன்னு தனி எர்த் கிடையாது. இடதுக்குப் போட்டா கரண்ட் அது வழியா போய், வலது பக்க பல்போட இழை வழியா எர்த்தாகும். இழை தடியா இருக்கறதால அது எரியாது, டேஷ்போர்டு பல்பு மட்டும் எரியும். இப்ப அங்க இழை இல்ல, எல்இடி. அதுக்கு அந்தச் சொட்டு கரண்டே போதும், சிமிட்ட ஆரம்பிச்சிடும். டேஷ்போர்டு பல்பு எரிஞ்சிருக்காதே, கவனிச்சீங்களா?

1என்4007 டயோடு (கரண்டை ஒரே திசையில மட்டும் விடுற சின்ன உருப்படி) ரெண்டு வாங்குங்க. ஒவ்வொரு பக்க வயர்லயும் ஒண்ணு, வெள்ளிக் கோடு ரெண்டும் பல்பு பக்கம் சேரணும். பல்போட இன்னொரு காலை எர்த் பண்ணிடுங்க. நானும் இதே வியாதியில ஒரு மாசம் அலைஞ்சவன்தான்.

ஈரக்காற்று:

என் பிரச்சினை தண்ணீர். கண்ணாடி ஓரத்தை சிலிக்கான் வைத்து நன்றாக அடைத்தேன். சொட்டு நீர் இறங்கவில்லை, ஆனாலும் சில மாதத்தில் விளக்கு மங்கியது. திறந்தால் சர்க்யூட் போர்டின் செம்புத் தடமெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் காயும்போது அமிலத்தை விடுமாம், அது செம்பைத் தின்றுவிட்டது. வாடை இல்லாத நியூட்ரல் வகைதான் சர்க்யூட் பக்கம் வரலாம். ஃபைபர் பாடி என்றால் அதில் கரண்ட் போகாது, அதனால் விளக்குக்கு விளக்கு தனி எர்த் வயரும் இழுங்கள், போல்ட்டை நம்பாதீர்கள்.

சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வைத்தும் ஏமாந்தேன். வெள்ளையில் நீலமும் மஞ்சளும்தான் அதிகம், சிவப்பு குறைவு. பெரும்பாலான வெளிச்சத்தைக் கண்ணாடியே விழுங்கிவிட்டது.

பின்சீட்டு:

நேர் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். 5 மில்லிமீட்டர் எல்இடியில் பல, டார்ச் மாதிரி ஒரே கோட்டில்தான் அடிக்கும். என் பிரேக் லைட் நேரே கண்ணைக் கூசியது. பக்கத்துத் தடத்தில் போய் நின்றால், அதுவும் வெயிலில், எரிகிறதா என்றே தெரியவில்லை. பாதி எல்இடிகளின் தலையை மணல்தாளில் தேய்த்து மங்கலாக்கினேன், வெளிச்சம் பரவியது. ஹெட்லைட்டை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள் என்பது என் கட்சி. வெளிச்சத்தை மேலே போகாமல் வெட்டி நிறுத்துவது நம் கையில் நடக்கிற வேலை இல்லை, எதிரே வருகிறவர் கண் போகும்.

சாலிடர்புகை:

ஸ்பானர் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. டேஷ்போர்டு பல்பு எரியவே இல்லை, நான்தான் அது ஃபியூஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டயோடு மாட்டினேன். ஒன்றைத் திருப்பி மாட்டிவிட்டதால் வலதுக்குப் போட்டால் மறுபடி நான்கும் சிமிட்ட, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளிக் கோடு வயர் பக்கம் இருக்கிறது. திருப்பிப் போட்டதும் வலது வலதாகவும் இடது இடதாகவும் அடிக்கிறது.