புதுப்பிப்பு: முன்பணம் இன்றி வரைந்து கொடுத்த படங்களுக்குப் பணம் வந்தது

வேலையை விட்டுவிட்டுத் தனித்து ஓவியம் வரையத் தொடங்கிய நான், சிறுவர் நூல் ஒன்றுக்கு 16 படங்களை முன்பணமும் ஒப்பந்தமும் இன்றி வரைந்து கொடுத்துவிட்டு, பணம் வராமல் தவிப்பதாக மூன்று மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். சென்ற வாரம் தொகை வந்துவிட்டது. 10 விழுக்காடு வருமான வரியாகப் பிடித்திருந்தார்கள், அதைக் கணக்குத் தாக்கலின்போது சரிசெய்துகொள்ளலாம்.

பணத்தைவிட உரிமை பற்றி அறிந்ததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. வரைந்தவருக்கே பதிப்புரிமை என்று நம்பியிருந்தேன். ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று வரையப்படும் ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். அந்தப் படங்களை அவர்கள் நாட்காட்டியில் அச்சிட்டாலும் நான் தடுப்பது கடினம்.

அடுத்து வந்த அட்டைப்பட வேலைக்கு, பாதித் தொகை முன்பணம், இரண்டு முறை மட்டுமே திருத்தம், பதிப்புரிமை என்னிடமே, அந்த நூலில் அச்சிட மட்டும் அனுமதி என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையொப்பம் கேட்டேன். முகம் சுளிப்பார்கள் என்று அஞ்சியிருந்தேன். மறுநாளே கையொப்பமிட்டு அனுப்பிவிட்டார்கள்.