பிராடோவில் ஃபிரிட்ஜ்: பேட்டரி நன்றாக இருந்தும் நடுராத்திரியில் நின்றுவிடுகிறது

முருங்கைக்காய்:
அடிலெய்டில் இருக்கிறோம். வண்டி பிராடோ 150 டீசல். செப்டம்பர் கடைசி பள்ளி விடுமுறைக்கு ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கம் போய், அங்கிருந்து மாரி, வில்லியம் க்ரீக் வழியாக ஊட்னடாட்டா ட்ராக், அப்புறம் டல்ஹவுஸி வெந்நீர் ஊற்றில் மூன்று ராத்திரி தங்கல் என்று திட்டம். அம்மாவும் வருகிறார், இன்சுலின் போடுகிறவர். அதனால் ஃபிரிட்ஜ் எங்களுக்கு பீர் வைக்கிற பெட்டி மட்டும் இல்லை.

47 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வாங்கியாயிற்று. டிக்கியில் இருக்கும் சாக்கெட்டில் சாவியை எடுத்தவுடன் கரண்ட் போய்விடுவதால், ஒரு கடையில் கொடுத்து ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து நேராகப் பின்னால் வயர் இழுத்து சிகரெட் சாக்கெட் போட்டேன். வீட்டு வாசலில் ஓடவிட்டுப் பார்த்தால் ராத்திரி பன்னிரண்டு ஒன்றுக்கெல்லாம் வோல்டேஜ் குறைவு என்று எரர் காட்டி நின்றுவிடுகிறது. காலையில் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.4 காட்டுகிறது, வண்டியும் சாவியைத் திருப்பியதும் எடுக்கிறது. கடைக்காரர் பேட்டரி போய்விட்டது, மாற்று என்கிறார். கூட வேலை செய்கிறவர் இரண்டாவது பேட்டரி, சோலார் எல்லாம் போடு என்று சில ஆயிரம் டாலருக்குக் கணக்குச் சொல்கிறார். எதை நம்புவது?

கம்பிக்காரன்:
பேட்டரியில் 12.4 இருக்கும்போது ஃபிரிட்ஜ் குறைவு என்று சொல்கிறதென்றால், ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேருவது 12.4 இல்லை, அவ்வளவுதான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனையில் ஒருமுறை, ஃபிரிட்ஜ் பிளக் பக்கம் ஒருமுறை அளந்து பாருங்கள். கம்ப்ரசர் நின்றிருக்கும்போது அளந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் காட்டும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அப்படியே வயர் உறையில் என்ன அச்சடித்திருக்கிறது என்றும் பாருங்கள்.

முருங்கைக்காய்:
அளந்தேன் அண்ணா. ஓடும்போது பேட்டரியில் 12.3, பிளக் பக்கம் 11.2. உறையில் 4 மி.மீ. என்று இருக்கிறது. சிகரெட் பிளக்கைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது.

கம்பிக்காரன்:
நினைத்தேன். ஆஸ்திரேலியாவில் ஆட்டோ கேபிளில் போடுகிற 4 மி.மீ. என்பது ரப்பரோடு சேர்த்த விட்டம், உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டு கிட்டத்தட்ட 1.8 சதுர மி.மீ.தான். வீட்டு வயரிங்கில் 4 என்றால் செம்பே 4 சதுர மி.மீ., அந்தப் பழக்கத்தில் இதை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். பானட்டிலிருந்து டிக்கிக்கு வளைந்து நெளிந்து 6 மீட்டர், நெகட்டிவ் திரும்பி வருவதற்கு இன்னொரு 6. 12 மீட்டர் ஒல்லி வயரில் 5 ஆம்ப் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். மீதியைத் தின்பது சிகரெட் பிளக்கும் எங்கேயாவது சரியாகப் பிடிக்காத எர்த்தும்தான். அந்த சாக்கெட்டை அதிகக் கரண்டுக்காகச் செய்யவே இல்லை, சுருள் கம்பி அழுத்தத்தில்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஊட்னடாட்டா ட்ராக்கின் அலைமண் ரோட்டில் அரை மணி நேரம் குலுங்கினால் தானாகவே கழன்று வந்துவிடும்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு 6 பி அண்ட் எஸ் (B&S, வயர் தடிமனுக்கான எண் முறை) கேபிள் போடுங்கள். இந்த அளவில் எண் சிறிதாக ஆக வயர் தடிமனாகும், 6 என்றால் சுமார் 13.5 சதுர மி.மீ. இதே 5 ஆம்புக்கு 0.1 வோல்ட் கூட விழாது. ஃபிரிட்ஜுக்கு மட்டும் என்றால் 8 போதும், ஆனால் நாளைக்கு டிக்கியில் இரண்டாவது பேட்டரியும் அதற்குச் சார்ஜரும் வைப்பதென்றால் 6 கேபிளையே பயன்படுத்திக்கொள்ளலாம். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்ப் ஃபியூஸ், நெகட்டிவும் பேட்டரி வரை தனி கேபிளாகவே வரட்டும், பின்னால் ஆண்டர்சன் பிளக் (அதிகக் கரண்டைத் தாங்கும், இறுக்கமாகப் பிடிக்கும் பிளக்). இதை ஒழுங்காகச் செய்யாமல் எத்தனை பேட்டரி வாங்கினாலும் இதே எரர்தான் வரும்.

இன்னொன்று. எரர் வருகிறதே என்று ஃபிரிட்ஜின் கட்-ஆஃப் செட்டிங்கை (எந்த வோல்டேஜில் தானாக நிற்க வேண்டும் என்பதை) 'லோ'வில் வைத்துவிடாதீர்கள். பல ஃபிரிட்ஜ்கள் 'ஹை'யில் 11 வோல்ட்டுக்கு மேலேயே நின்றுகொள்ளும், 'லோ'வில் 10க்கு அருகே வரை உறிஞ்சும். ஸ்டார்ட்டர் பேட்டரியை அவ்வளவு தூரம் இறக்கினால் காலையில் வண்டி எடுக்காது, வில்லியம் க்ரீக்கைத் தாண்டி நின்றால் யாராவது வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

செம்மண்தூசி:
கேபிள் விஷயத்தில் மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் டல்ஹவுஸியில் மூன்று ராத்திரி வண்டி நகராது என்கிறார், அங்கே ஸ்டார்ட்டர் பேட்டரியை நம்பக் கூடாது. இந்த அளவு ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்ப் போல இழுக்கும், ஆனால் நாள் முழுக்க ஓடாது. வெளியே 30 டிகிரி, உள்ளே 4 டிகிரி என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடும், அதாவது நாளைக்கு சுமார் 30 ஆம்பியர்-அவர் (ஆம்பை ஓடும் மணி நேரத்தால் பெருக்கியது). வண்டியை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தினால் 50ஐத் தாண்டும். ஃப்ரீசராக மைனஸ் 15ல் வைக்கிறவர்கள் இந்தக் கணக்கையே மறந்துவிடலாம்.

இரண்டாவது பேட்டரியாக 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) வாங்கினால் பாதிதான் எடுக்கலாம், அதற்குக் கீழே இறக்க இறக்க ஆயுசு குறையும், எடையும் 30 கிலோ. அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் தாராளமாக 80 எடுக்கலாம், எடை பன்னிரண்டு கிலோ பக்கம். வெறும் ரிலே (தானாகச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) போட்டு இரண்டு பேட்டரியையும் சேர்க்கிற பழைய வழி வேண்டாம். இப்போதைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஜெனரேட்டர்) எரிபொருளை மிச்சம் பிடிக்க வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும், ரிலே இன்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்துப் பிரிந்துவிடும். டிசி-டிசி சார்ஜர் வையுங்கள், வண்டியிலிருந்து வரும் வோல்டேஜை இரண்டாவது பேட்டரிக்குத் தேவையான அளவுக்கு மாற்றிக் கொடுப்பது அது. 25 ஆம்ப் சார்ஜர் என்றால் காலியான பேட்டரி நிரம்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும், உங்கள் பாதையில் அது ஒரு பிரச்சினையே இல்லை. லித்தியத்தை மட்டும் பானட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், இன்ஜின் சூடு அதற்கு ஆகாது. பின்னால் போல்ட் போட்டு இறுக்குங்கள். பாலைவனத்தில் விடிகாலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் லித்தியத்தை சார்ஜ் பண்ணவும் கூடாது, உங்கள் மாதத்துக்கு அந்தக் கவலை அநேகமாக இல்லை.

மூன்றாவது நாளுக்கு மடக்கு சோலார் 200 வாட். அட்டையில் போட்டிருப்பது முழுசாக வராது, மூன்றில் இரண்டு பங்கு வந்தால் நல்ல பலகை. வெயில் நேரம் ஐந்து மணி என்று வைத்தாலும் ஃபிரிட்ஜ் தின்பதை ஈடுகட்டிவிடும். கண்ணாடிக்கு உள்ளே வைத்துவிட்டு வரவில்லை என்று கேட்காதீர்கள், வெளியே விரியுங்கள்.

சோம்பேறி_கேம்பர்:
இவ்வளவு பிரித்து மேய வேண்டுமா? 1000 வாட்-அவர் பவர் ஸ்டேஷன் (பேட்டரியும் சாக்கெட்டும் உள்ள கையடக்கப் பெட்டி) ஒன்று வாங்கினால் ஃபிரிட்ஜைச் சொருகிவிட்டு காபி குடிக்கப் போகலாம். வண்டியில் ஒரு ஓட்டை போட வேண்டாம், வீட்டில் கரண்ட் போனாலும் உதவும், வண்டியை விற்றாலும் பெட்டி நம்மோடு வரும்.

செம்மண்தூசி:
வார இறுதிக்கு அது நல்ல பெட்டிதான், மறுக்கவில்லை. வாடகை வண்டிக்காரர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் வண்டி சாக்கெட்டிலிருந்து அதற்குள் போவது பெரும்பாலும் 100 வாட்தான், ஓடும் ஃபிரிட்ஜ் அதில் 45, 50ஐ அப்போதே எடுத்துக்கொள்ளும். காலியாகிவிட்டால் நாள் முழுக்க ஓட்டினாலும் நிரம்பாது. சிலவற்றில் தனி ஆல்டர்னேட்டர் சார்ஜர் வருகிறது, அதற்கும் கம்பிக்காரன் சொன்ன அதே தடி கேபிளை இழுக்கத்தான் வேண்டும். அப்புறம் எங்கே மிச்சம்?

பாட்டி_பையன்:
இன்சுலின் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் ஒரு வார்த்தை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான், உருகினாலும் பயன்படாது. இந்த ஃபிரிட்ஜ்களில் சுவரை ஒட்டியும் அடியிலும் குளிர் அதிகம், திரையில் 3 என்று இருந்தாலும் அடியில் தண்ணீர் பாட்டில் உறைந்துபோகும். டப்பாவில் துணி சுற்றி மேல் கூடையில் வையுங்கள், பக்கத்தில் ஒரு தனி தெர்மாமீட்டர். போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனாவை பொதுவாக ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை, ஆனால் வண்டிக்குள் வெயிலில் கிடக்கக் கூடாது. எத்தனை டிகிரி வரை, எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள், மருந்துக்கடையிலும் கேளுங்கள்.

கரண்டு மிச்சத்துக்கு: முந்தின நாளே வீட்டு 240 வோல்ட்டில் போட்டு ஃபிரிட்ஜையும் சாமானையும் குளிர்த்துவிடுங்கள். சூடான சாமானைக் குளிர்த்துவதில்தான் முதல் நாள் பேட்டரி போகிறது. காற்றுத் துவாரத்தை மறைத்துப் பையை அடுக்காதீர்கள். இட்லி மாவு கொண்டுபோகிறவர் என்றால் பாதி டப்பா மட்டும் நிரப்புங்கள், குளிரில் அடங்கிக் கிடக்கும் மாவு ரோட்டுக் குலுக்கலில் பொங்கி வழிந்தால் அதைத் துடைக்க டல்ஹவுஸியில் ஒரு பகல் போய்விடும்.

முருங்கைக்காய்:
எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு 6 பி அண்ட் எஸ் கேபிள், ஆண்டர்சன், ஃபியூஸ், பின்னால் லித்தியமும் 25 ஆம்ப் சார்ஜரும். சோலார் ஒரு நண்பரிடம் இரவல் கிடைக்கும். நெகட்டிவ் கேபிளை பேட்டரி வரை இழுக்காமல் டிக்கியில் சேஸிஸிலேயே (வண்டியின் இரும்புச் சட்டத்திலேயே) கொடுத்தால் பாதி கேபிள் காசு மிச்சமாகுமே, கூடாதா?

கம்பிக்காரன்:
கொடுக்கலாம், பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் நல்ல போல்ட்டாகப் போட்டால் வேலை செய்யும். ஆனால் துரு ஏறினால் முதலில் பல்லைக் காட்டுவது அந்த இடம்தான். அம்மா மருந்து இருக்கிற பெட்டிக்கு நான் என்றால் 6 மீட்டர் கேபிளை வாங்கிவிடுவேன்.