கை மரத்துப்போவதை டாக்டரிடம் மறைக்கிறார், எப்படிப் பேசுவது?

வணக்கம். என் கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய், நான்காம் நிலை. கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தும் சேர்த்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ கொடுக்கிறார்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நடுராத்திரி என்றாலும் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும்.

இப்போது கவலை வேறு. ஆரம்பத்தில் குளிர்ந்ததைத் தொட்டால்தான் விரல் சுரீர் என்றது. இப்போது அடுத்த கீமோ வரை மரமரப்பு போவதே இல்லை. சட்டைப் பட்டன் போடவே திணறுகிறார். ஆனால் டாக்டர் கேட்டால், "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்கிறார். சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், நோய் முந்திக்கொள்ளும் என்று பயம். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் ஆக்ஸாலிபிளாட்டினால் வரும் இந்த நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். அந்த ஒரு மருந்தை மட்டும் குறைத்தோ நிறுத்தியோ மற்றவற்றைத் தொடரவும் வழி உண்டு. அதனால் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

அவருக்குத் தெரியாமல் நானே போய்ச் சொல்வதா? மனம் ஒப்பவில்லை. அப்புறம், கீமோ நடக்கும்போதே வலி நிவாரணச் சிகிச்சைக் (பாலியேட்டிவ் கேர்) குழுவையும் பார்க்கலாம். ஆனால் அது கடைசிக் கட்டத்துக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பேச்சை எடுத்தால், கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடுவாரோ?

இதே நிலையில் துணையாக இருந்தவர்கள் சொல்லுங்கள்: எப்படிப் பேச்சைத் தொடங்கினீர்கள், எது எடுபட்டது?