30 சதவீதம் என்றால் நனைவோமா? என் வானிலை அனுபவங்கள்

"30 சதவீதம்தான் மழை வாய்ப்பு என்று போட்டிருந்தார்கள், கடைசியில் தொப்பலாக நனைந்துவிட்டேன்" என்று யாராவது புலம்பினால் எனக்குக் கணித்தவர்கள் பக்கம் நின்று பேசத் தோன்றும். இன்றைக்கு இருக்கும் அதே நிலைமையில் பத்து நாட்கள் வந்தால், அதில் மூன்று நாட்கள் நாம் இருக்கும் இடத்தில் மழை பெய்யும் என்பதுதான் அந்த எண். ஊரில் 30 சதவீதப் பரப்பில் பெய்யும் என்றோ, பகலில் 30 சதவீத நேரம் பெய்யும் என்றோ கணக்கில்லை. சொல்லப்போனால், 30 என்று போட்ட நாட்களில் ஒரு நாள்கூட மழை வராவிட்டால்தான் கணிப்பு சரியில்லை என்று அர்த்தம்.

இது புரிந்த பிறகு நான் முடிவெடுக்கும் விதமே வேறு. துணி காயப்போட 30 பரவாயில்லை, நனைந்தால் இன்னொரு முறை காயட்டும். உடம்பு முடியாத அம்மாவை வெளியே கூட்டிப்போக அதே 30 எனக்கு அதிகம். நனைந்தால் என்ன நஷ்டம் என்பதை எந்தச் செயலியும் நமக்காகக் கணக்குப் போடாது.

இடிமழை நாட்கள்தான் கஷ்டம். ஒரு பிற்பகல் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. ஓர் இலை அசையவில்லை, அப்படி ஒரு புழுக்கம். ராடார் படத்தில் எங்கள் தலைக்குமேல் ஒன்றுமே இல்லை, தள்ளி ஒரே ஒரு சிவப்புத் திட்டு, அதுவும் எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அந்தத் திட்டு இருந்த பக்கத்திலிருந்து சில்லென்று ஒரு காற்று. கதவு படாரென்று சாத்திக்கொண்டது, தரையில் கிடந்த காகிதமெல்லாம் சுழன்று எழுந்தது, கூடவே மண்வாசனை. கொஞ்ச நேரத்தில் எங்கள் தலைக்குமேலேயே மேகம் திரண்டு கொட்டித் தீர்த்துவிட்டது.

மேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனம். அது தொப்பென்று கீழே இறங்கித் தரையோடு பரவுகிறது. போகிற வழியில் இருக்கும் சூடான, ஈரமான காற்றை மேலே தூக்கிவிடுவதால் அங்கே புது மேகம் பிறக்கிறது. இருக்கும் மழை எந்தப் பக்கம் நகர்கிறது என்று ராடார் காட்டும். இனிமேல் பிறக்கப்போகிற மழையை அது காட்டாது. அதனால் இறுக்கமான நாளில் அந்தச் சில்லென்ற காற்று முகத்தில் பட்டதும், திரையில் என்ன இருந்தாலும் நான் துணியை எடுத்துவிடுவேன்.

அடுத்தது ஒரு வாரம் முன்கூட்டியே சொல்லும் கணிப்பு. 1961-ல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரென்ஸ் தன் கணினி வானிலையை மறுபடி ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். வந்த வானிலை கொஞ்சங்கொஞ்சமாக விலகி, முந்தையதற்குச் சம்பந்தமே இல்லாமல் போனது. இன்று காற்றையும் வெப்பத்தையும் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் இந்தச் சிக்கல் விடுவதில்லை. அதனால்தான் ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலைக் கணிப்பு மையம் போன்றவை தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி 51 கணிப்புகளைச் சேர்த்து ஓட்டுகின்றன.

எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு செயலி "மாலை நான்கு மணிக்குக் கனமழை" என்றது. வீடே கலங்கிப்போனது. நான் அந்தக் கூட்டுக் கணிப்பின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கணிப்புக்கு ஒன்றாக இருந்த கோடுகள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன. "இன்னும் யாருக்கும் தெரியாது, பொறுங்கள்" என்றேன். விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பு பார்த்தால் பெரும்பாலான கோடுகள் மழைப் பக்கம் ஒன்றுகூடியிருந்தன. பந்தலை விட்டுவிட்டு மண்டபத்துக்கு மாறினோம். மழையும் வந்தது. ஒரு வாரத்துக்கு அப்பால் மணிக்கணக்கில் நேரம் போட்டுக் காட்டும் கட்டத்தை நான் பொருட்படுத்துவதே இல்லை.

நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தால் மழை வரும் என்று சொல்லும் "அகல் வட்டம் பகல் மழை" என்பதையும் இரவில் பார்ப்பதுண்டு. கையை நீட்டி விரல்களை விரித்தால் பெருவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே உள்ள அளவு, ஏறத்தாழ 22 டிகிரி, அந்த வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்புவரை. உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகத்தின் பனிப்படிகங்கள்தான் அதை வரைகின்றன. பெரிய மழைமேகக் கூட்டத்துக்கு முன்னால் அந்த மேகம் வருவது வழக்கம் என்பதால் சொல்லில் விஷயம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் பலிக்காது. நிலாவை ஒட்டித் தெரியும் சின்ன வண்ண வளையம் நீர்த்துளிகளால் வருவது. அது வேறு கதை.

வியர்வை விஷயத்தில் ஈரப்பத சதவீதத்தைப் பார்ப்பதை விட்டேன். காலையில் 27 டிகிரியில் 90 சதவீதம், பிற்பகல் 33 டிகிரியில் 60 பக்கம் என்று போட்டிருந்தால் ஈரம் குறைந்துவிட்டதாகத் தோன்றும். காற்றில் இருக்கும் நீராவி கிட்டத்தட்ட அதேதான். பனிநிலை வெப்பத்தை, அதாவது காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் என்பதைப் பாருங்கள். அது 24-ஐத் தாண்டினால் வியர்வை எளிதில் காயாது.

கடைசியாக இடி. மழை விட்டதும் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடப் பார்த்தார்கள், நான் விடவில்லை. ஒரே சண்டை. கால் மணி நேரம் கழித்து, ஒரு சொட்டு மழை இல்லாதபோது பளீரென்று ஒரு மின்னல். எண்ணினோம், ஆறு விநாடியில் இடி கேட்டது. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் இரண்டு கிலோமீட்டர்தான். இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் நம்மை எட்டும் தூரத்தில் இருக்கிறது. கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் உள்ளேயே இருக்க வேண்டும், நடுவில் இன்னொன்று கேட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அன்றைக்கு மூன்றாவது முறை கணக்கைத் தொடங்கியபோது பெரியவன் தானாகவே கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டான்.