'போயிருக்கிறார்': ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். மேலாளரைக் கேட்டு ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஹி ஹேஸ் பீன் டு மதுரை" என்றேன். "திரும்பிவிட்டாரா? அப்படியானால் பேசலாமா?" என்றார். விழித்தேன். மனிதர் மதுரையில்தான் இருந்தார்! 'ஹேஸ் கான்' என்றால் போனவர் இன்னும் வரவில்லை, 'ஹேஸ் பீன்' என்றால் போய்வந்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. நம் 'போயிருக்கிறார்' இரண்டுக்கும் பொருந்துவதால் வந்த வினை.

'யெஸ்டர்டே' வந்தால் 'வென்ட்' என்பதும் புரிகிறது. 'திஸ் மார்னிங்' வந்தால்? காலை 10 மணிக்கு 'ஐ ஹேவ் பீன் டு த பேங்க் திஸ் மார்னிங்' என்கிறோம். அதையே மாலையில் சொல்லலாமா, 'வென்ட்' என்று மாற்ற வேண்டுமா? ஆங்கிலம் கற்பிப்பவர்கள் அன்றாட வாக்கியங்களோடு விளக்குங்கள். இலக்கணப் பெயர்கள் மட்டும் வேண்டாம், பள்ளிக்காலத்துப் பயம் இன்னும் போகவில்லை.